அச்சடித்த பிஎச் சென்சார்: பச்சைப் படலம் சுலபம், வெள்ளிப் புள்ளியில்தான் வேலை

காட்பாடியில் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கும் ஒருவரின் கேள்வி இது. இரவு முழுக்க ஷேக்கரில் ஆடும் எட்டுப் பத்து ஃபிளாஸ்க்குகளில் அமிலத்தன்மை (பிஎச்) எப்படி மாறுகிறது என்று பஞ்சு அடைப்பைத் திறக்காமல் பார்க்க வேண்டும். துறையில் இருப்பதோ பிஎச் அளக்கும் கிளாஸ் எலெக்ட்ரோடு ஒன்றே ஒன்று. கல்யாணப் பத்திரிகையும் மஞ்சப்பையும் அச்சடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் கடையிலேயே சென்சார் பட்டைகளை அடித்துக்கொள்ள முடியுமா? என்ன மை வாங்குவது, எப்படிக் கிருமி நீக்குவது? செய்து பார்த்தவர்கள் எல்லோரும் எண் நிலையாக நிற்கவில்லை என்கிறார்களே, ஏன்?

முடியும். அந்தக் கடையில் இருக்கும் துணி கட்டிய சட்டமும், மையை இழுக்கும் ரப்பர் பட்டையான ஸ்குவீஜியும் போதும். ஆனால் எங்கே உழைப்பைப் போடுவது என்பதில் பெரும்பாலோர் தவறிவிடுகிறார்கள். பட்டையில் இரண்டு புள்ளிகள் உண்டு. ஒன்று அமிலத்தை உணரும் புள்ளி. மற்றொன்று என்ன நடந்தாலும் அசையாமல் நிற்க வேண்டிய ரெஃபரன்ஸ் புள்ளி. மீட்டர் காட்டுவது இரண்டுக்கும் இடையிலுள்ள மின்னழுத்த வேறுபாட்டை மட்டுமே. எது நகர்ந்தது என்று அதற்குத் தெரியாது. எல்லோரும் உணரும் புள்ளியில் பல நாள் செலவழித்து, ரெஃபரன்ஸுக்கு வெள்ளி மை ஒரு பொட்டு வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எண் ஓடுவதற்கான காரணம் பத்தில் எட்டு முறை அந்த வெள்ளிப் பொட்டில்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

மை வாங்குவதற்கு முன், உங்கள் கல்ச்சர், அதாவது மீடியத்தில் வளரும் பாக்டீரியா, எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஈ. கோலை வளர்ந்தால் அமிலம் வரும் என்று எண்ணி, எல்பி என்ற வளர்ப்பு மீடியத்தில் சென்சாரை வைப்பவர்கள், எண் எதிர்த்திசையில் போவதைப் பார்த்துச் சென்சார் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடுவார்கள். கெட்டிருக்காது. எல்பியில் லிட்டருக்கு டிரிப்டோன் 10 கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 5 கிராம், உப்பு 10 கிராம். சர்க்கரை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. பாக்டீரியா அமினோ அமிலங்களைத் தின்று அம்மோனியாவை வெளிவிடுகிறது. 7-ல் தொடங்கிய பிஎச் காலையில் 8.5-ஐத் தாண்டி நிற்கும். அதே எல்பியில் 1 சதவீதம் குளுக்கோஸ் போட்டால் அசிட்டிக் அமிலமும் கூட்டாளிகளும் சேர்ந்து 5 வரைக்கும், சில நேரம் அதற்குக் கீழும் இழுத்துவிடும். எம்9 என்ற மீடியத்தில் பிஎச் மாற்றத்தைத் தாங்கும் பாஸ்பேட் 70 மில்லிமோலார் அளவுக்கு இருப்பதால் இறக்கம் மெதுவாக இருக்கும். எம்ஆர்எஸ் என்ற மீடியத்தில் வளரும் லாக்டிக் அமில பாக்டீரியாவான லாக்டோபேசில்லஸ் 6.5-ல் தொடங்கி 4 அருகே வந்து நிற்கும். பால் 6.6, 6.7-ல் தொடங்கும். 4.6 நெருங்கும்போது கேசின் திரண்டு தயிர் உறையும். உறைந்த பிறகும் அது புளித்துக்கொண்டேதான் இருக்கும்.

இது ஏன் முக்கியம் என்றால், உணரும் பொருளை இதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தயிர், எம்ஆர்எஸ், குளுக்கோஸ் சேர்த்த மீடியம் என்றால் பாலிஅனிலின் என்ற மின்கடத்தும் பாலிமர். அமிலப் பக்கம் அது நன்றாக வேலை செய்யும். பிஎச் ஏற ஏறப் புரோட்டான்களை இழந்து மின்கடத்தும் தன்மை குறைந்துகொண்டே போகும், 8-க்கு மேலே எண்ணை நம்புவது கடினம். சர்க்கரை இல்லாத எல்பிதான் உங்கள் வேலை என்றால் ஹைட்ரஜன் அயனியைப் பிடிக்கும் டிரைடோடெசில்அமின் கலந்த பிவிசி படலத்துக்குப் போங்கள். அதன் வேலை எல்லை 5.5 முதல் 12 வரை. எல்பியின் பயணம் முழுவதும் அதற்குள் அடங்கும், தயிரின் பயணம் அடங்காது. இரண்டுக்கும் ஒரே பட்டை என்று ஆசைப்பட வேண்டாம்.

இனி அச்சு. பட்டைக்குப் பெட் (PET) பிளாஸ்டிக் தாள், 125 முதல் 175 மைக்ரான் தடிமன். லேசர் பிரிண்டருக்கான ஓஎச்பி தாள் எளிதில் கிடைக்கும். பேனாவால் எழுதும் சாதாரண ஓஎச்பி தாள் சூட்டில் சுருண்டுவிடும், வாங்காதீர்கள். அச்சடிப்பதற்கு முன்பே வெற்றுத் தாளை 120 டிகிரி ஓவனில் அரை மணி நேரம் வைத்துச் சுருங்க வேண்டியதைச் சுருங்கவிடுங்கள். இல்லாவிட்டால் கார்பன் மேல் வெள்ளி அடிக்கும்போது இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. பிறகு ஐசோபுரோப்பனாலில் துடைத்து, விரல் படாமல் எடுத்து வையுங்கள்.

கடைக்காரரிடம் மெஷ் எண்ணை, அதாவது சட்டத் துணியின் இழை நெருக்கத்தை, கேட்டே ஆக வேண்டும். பத்திரிகை வேலைக்கு மெல்லிய எழுத்து விழ வேண்டும் என்று சென்டிமீட்டருக்கு 120 இழை, அதற்கும் மேலே நெருக்கமான துணிதான் வைத்திருப்பார். கார்பன் மையில் உள்ள கிராஃபைட் துகள் அதில் நான்காவது ஐந்தாவது இழுப்பிலேயே அடைத்துக்கொள்ளும். கார்பனுக்கு 77 இழைத் துணி சரி. வெள்ளி மை நெருக்கமான துணியிலும் இறங்கும். ஏற்கெனவே பத்திரிகைக்குப் பயன்படுத்திய சட்டம் வேண்டவே வேண்டாம். பழைய மையின் எண்ணெய்ப் பிசுக்கு மெஷ்ஷில் தங்கி உங்கள் புள்ளியில் வந்து உட்காரும்.

வடிவமைப்பை எளிமையாக வையுங்கள். உணரும் புள்ளி 3 மில்லிமீட்டர் வட்டம், அருகே 1 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அதே அளவில் ரெஃபரன்ஸ், இரண்டிலிருந்தும் 1 மில்லிமீட்டர் அகலத்தில் 50, 60 மில்லிமீட்டர் நீளத்துக்கு மேலே ஓடும் தடங்கள். மேல்முனைகளை 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்தால் சாதாரண கனெக்டரில் சொருகிக்கொள்ளலாம். சட்டத்துக்கும் தாளுக்கும் இடையே 1.5 முதல் 2 மில்லிமீட்டர் உயர இடைவெளி வேண்டும். இழுக்கும்போது ஸ்குவீஜியின் பின்னாலேயே துணி தாளை விட்டு மெல்லிய சத்தத்துடன் விடுபட்டுக்கொண்டே வர வேண்டும். துணி தாளோடு ஒட்டிக் கிடந்தால் வட்டத்தின் ஓரம் பிசிறும். முதலில் கார்பன், 80 முதல் 100 டிகிரியில் அரை மணி நேரம். அதன் பிறகு ரெஃபரன்ஸ் வட்டத்தின் மேல் மட்டும் வெள்ளி அல்லது வெள்ளி–வெள்ளி குளோரைடு மை, அதற்கான சூட்டை மை டப்பாவோடு வரும் தாளில் பார்த்து வையுங்கள்.

செலவைப் பார்க்காமல் சிலர் தடம் முழுவதையும் வெள்ளியில் அடித்து, அதன்மேல் கார்பனால் மூடுவார்கள். கடத்துதிறன் பிரமாதமாக இருக்கும். ஆனால் கார்பனில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து வெள்ளி எட்டிப் பார்த்தால் போதும், உணரும் புள்ளியும் குளோரைடை உணரும் வெள்ளி எலெக்ட்ரோடாக மாறிவிடும். இரண்டு பக்கமும் வெள்ளி, எனவே பிஎச் எப்படி மாறினாலும் எண் அசையாது. திரவம் படும் இடத்தில் உணரும் பக்கம் முழுக்கக் கார்பனாகவே இருக்கட்டும். இந்த அளவீட்டில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை, தடத்தின் மின்தடை ஓரிரு கிலோஓம் இருந்தாலும் பிழை வராது. பத்து கிலோஓமைத் தாண்டினால் மட்டும் எங்கோ கீறல் என்று கொள்ளுங்கள்.

தடங்களை மூட மொபைல் சர்வீஸ் கடைக்காரர்கள் பயன்படுத்தும் யூவி மாஸ்க் நல்லது. சிரிஞ்சில் பச்சைப் பசையாக வரும், யூவி விளக்கில் காட்டினால் இறுகிவிடும். இன்சுலேஷன் டேப்பின் பசை 37 டிகிரியில் இளகி, ஓரமாகத் தண்ணீர் ஏறும். நகப்பூச்சை ஸ்பிரிட் இளக்கும்.

அடுத்து பச்சைப் படலம், அதாவது பாலிஅனிலின். 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மில்லி, அதில் 0.91 மில்லி அனிலின். இது 0.1 மோலார் கரைசல். அனிலின் நிறமற்றோ வெளிர் மஞ்சளாகவோ இருக்க வேண்டும். அலமாரியில் கிடந்து டீ டிகாஷன் நிறத்துக்கு வந்ததை அப்படியே போடாதீர்கள், காய்ச்சி வடித்துத்தான் எடுக்க வேண்டும். வேதியியல் துறையில், மின்னழுத்தத்தைக் கட்டுப்பாடாக ஏற்றி இறக்கும் பொட்டென்ஷியோஸ்டாட் கருவி இருக்கும். பட்டையின் கார்பன் வட்டத்தை இந்தக் கரைசலில் முக்கி, வெள்ளி குளோரைடு ரெஃபரன்ஸுக்கு எதிராக –0.2 முதல் +0.9 வோல்ட் வரை, வினாடிக்கு 50 மில்லிவோல்ட் வேகத்தில் 25 சுற்று. ஒரு சுற்றுக்கு 44 வினாடி, மொத்தம் பதினெட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். சுற்று ஏற ஏற வரைபடத்தில் மேடுகள் உயர்வதைப் பார்க்கலாம், கறுப்பு வட்டத்தின் மேல் கரும்பச்சை படியும். ஐம்பது, அறுபது சுற்று ஓட்டித் தடிப்பாக்கினால் நல்லது என்று தோன்றும். தடித்த படலம் ஷேக்கரில் ஓர் இரவுக்குள் செதில் செதிலாக உரியும். அனிலின் தோல் வழியாகவே உடலுக்குள் போகும், ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கும். ஃபியூம் ஹூட், நைட்ரைல் கையுறை இல்லாமல் பாட்டிலைத் திறக்கக் கூடாது. மிஞ்சிய கரைசல் கழிவுப் பாட்டிலுக்குப் போகட்டும், சிங்க்கில் ஊற்றினால் கடைசியில் போய்ச் சேர்வது பாலாற்றில்தான். அது சுமந்ததே போதும்.

படலம் உயிரோடு இருக்கிறதா என்று மீட்டர் இல்லாமலே கண்டுபிடிக்கலாம். வினிகரில் தொட்டெடுத்தால் இலைப்பச்சை, நீர்த்த அம்மோனியாவில் தொட்டால் சில வினாடிகளில் கருநீலம், மறுபடி வினிகரில் பச்சை. கறுப்புக் கார்பன் மேலே இந்த வித்தியாசம் லேசாகத்தான் தெரியும், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நிறம் திரும்பாத பட்டையை அங்கேயே ஒதுக்கிவிடுங்கள்.

டிரைடோடெசில்அமின் வழி போகிறவர்களுக்கு அளவு: பிவிசி 33 மில்லிகிராம், என்பிஓஇ என்ற பிளாஸ்டிசைசர் 65, டிரைடோடெசில்அமின் 1, பொட்டாசியம் டெட்ராகிஸ் குளோரோஃபீனைல் போரேட் 0.6 மில்லிகிராம், எல்லாவற்றையும் 1 மில்லி டெட்ராஹைட்ரோஃபியூரானில் கரைத்து, உணரும் புள்ளியின் மேல் சில மைக்ரோலிட்டர்களாக இரண்டு மூன்று தடவை விட வேண்டும். ஒரே தடவையில் பெரிய சொட்டாக விட்டால் அந்தக் கரைப்பான் கார்பன் மையின் பிணைப்பானையே கரைத்துத் தூக்கிவிடும்.

இப்போது ரெஃபரன்ஸ். வெள்ளி–வெள்ளி குளோரைடு புள்ளியின் மின்னழுத்தத்தைத் தீர்மானிப்பது சுற்றியிருக்கும் குளோரைடின் அளவு. 37 டிகிரியில் குளோரைடு பத்து மடங்கு மாறினால் 61.5 மில்லிவோல்ட் நகரும். ஒரு முழு பிஎச் அலகுக்கும் அதே 61.5 மில்லிவோல்ட்தான். அதாவது குளோரைடில் பத்து மடங்கு வித்தியாசம், பிஎச்சில் ஒரு முழு அலகு பொய். எல்பியில் 10 கிராம் உப்பு இருப்பதால் குளோரைடு 171 மில்லிமோலார், பாக்டீரியா அதைத் தொடுவதில்லை, எனவே வெறும் வெள்ளிப் புள்ளியே அங்கே ஓரளவு நிலையாக நிற்கும். கடையில் வாங்கிய, பிஎச் 4, 7 என்று முன்பே தெரிந்த பஃபர் கரைசலுக்கான வில்லைகளில் குளோரைடு கிட்டத்தட்ட இல்லை. பஃபரில் அளவுதிருத்திவிட்டு எல்பியில் வைத்தால் முதல் நொடியிலேயே எண் ஒன்றரை, இரண்டு அலகு தள்ளி நிற்பது இதனால்தான். பால், எம்ஆர்எஸ் இரண்டிலும் குளோரைடு குறைவு, அங்கே வேறு அளவுக்குத் தள்ளும்.

கழுவும் தண்ணீரும் இதே கணக்கில் வரும். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்து போர்வெல் தண்ணீரில், தோல் பதனிடும் உப்பு இறங்கிய இடங்களில் குறிப்பாக, குளோரைடு கிணற்றுக்குக் கிணறு மாறும். குழாய்த் தண்ணீரில் பட்டையை அலசுவது ரெஃபரன்ஸைக் கலைத்துவிடுவதற்குச் சமம். டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான்.

இதற்கு மருந்து, புள்ளியைச் சுற்றிச் சொந்தமாக ஓர் உப்புக் கிடங்கு கட்டிக்கொடுப்பது. பாலிவினைல் பியூட்டிரால் என்ற பிசின் 80 மில்லிகிராம், சோடியம் குளோரைடு 50 மில்லிகிராம், மெத்தனால் 1 மில்லி. இதில் 10 மைக்ரோலிட்டரை வெள்ளிப் புள்ளியின் மேல் விட்டு இரவு முழுக்க உலரவிடுங்கள். ஒரு நுணுக்கம்: மெத்தனாலில் உப்பு அவ்வளவாகக் கரையாது, மில்லிக்கு 15 மில்லிகிராம் அளவில்தான் கரையும். மீதி அடியில் பொடியாகக் கிடக்கும். உப்பை முதலில் உரலில் மாவாக அரைத்து, ஒவ்வொரு முறை பிப்பெட் செய்யும் முன்பும் குலுக்கிக் கலங்கலாக எடுக்க வேண்டும். தெளிந்த மேல்நீரை எடுத்துச் சொட்டியவர்களின் பட்டைகள்தான் இரண்டு மணி நேரத்தில் ஓட ஆரம்பிக்கின்றன. வெள்ளி குளோரைடு கலக்காத வெறும் வெள்ளி மை என்றால், இந்தப் பூச்சுக்கு முன்னால் பிசிபி அரிக்கப் பயன்படும் ஃபெரிக் குளோரைடை 0.1 மோலாராக நீர்த்து ஒரு நிமிடம் முக்குங்கள். பளபளப்பு போய்ச் சாம்பல் கலந்த ஊதா வந்தால் குளோரைடு படிந்துவிட்டது.

இந்தப் பூச்சு இன்னும் இரண்டு வேலை செய்கிறது. ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட்டில் உள்ள கந்தகச் சேர்மங்களும், புரோட்டியஸ், சிட்ரோபேக்டர் போன்றவை விடும் ஹைட்ரஜன் சல்பைடும் வெள்ளியைக் கறுப்பாக்கும், அவற்றைத் தாமதப்படுத்தும். வெள்ளி அயனி கல்ச்சருக்குள் கசிவதையும் குறைக்கும். வெள்ளி கிருமிக்கொல்லி என்பதை மறந்துவிடக் கூடாது. 50 மில்லி ஃபிளாஸ்க்கில் பாதிப்பு தெரியாமல் போகலாம். 1 மில்லி மட்டும் பிடிக்கும் கல்ச்சர் பிளேட்டின் குழிகளில் பூச்சில்லாத பட்டையை வைத்தால் வளர்ச்சியே மந்தமாகும், நீங்கள் அளப்பது கல்ச்சரை அல்ல, உங்கள் சென்சாரின் நச்சை.

கிருமி நீக்கம் செய்வதில் பலரும் பட்டையைக் கொன்றுவிடுகிறார்கள். 121 டிகிரி ஆட்டோகிளேவில் பெட் தாள் சுருளும், பாலிவினைல் பியூட்டிரால் இளகி உப்பெல்லாம் நீராவியோடு போய்விடும். சரி, 70 சதவீத ஸ்பிரிட் என்று கை தன்னால் போகும். பாலிவினைல் பியூட்டிரால் ஆல்கஹாலில் கரையும், அதனால்தான் அதை மெத்தனாலில் கரைத்தோம். ஒரு துடைப்பில் ரெஃபரன்ஸ் காலி. ஹைப்போகுளோரைட்டும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் பாலிஅனிலினை ஆக்சிஜனேற்றி அழிக்கும். நடைமுறையில் கைகொடுப்பது இந்த வரிசை: கார்பனும் வெள்ளியும் அச்சடித்த வெற்றுப் பட்டையை ஸ்பிரிட்டில் சுத்தம் செய்து, அதன் பிறகே படலமும் பூச்சும் போட்டு, முடிந்ததும் சுத்தக் காற்று வீசும் லேமினார் மேடையில் யூவி விளக்கின் கீழ் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் வீதம் இரண்டு பக்கமும். நிழல் விழும் இடத்தில் யூவி வேலை செய்யாது, பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கக் கூடாது. எத்திலீன் ஆக்சைடு வாயுவால் கிருமி நீக்கும் வசதி உள்ள இடத்தில் கேட்டுப் பார்க்கலாம், பிளாஸ்டிக்குக்கு அது சாது.

எப்படிச் செய்தாலும், பாக்டீரியா போடாத மீடியத்தில் ஒரு பட்டையை வைத்து மற்ற ஃபிளாஸ்க்குகளோடு சேர்த்தே ஆட்டுங்கள். அது கலங்கினால் கிருமி நீக்கம் தோற்றது. கலங்காமல் எண் மட்டும் நகர்ந்தால் அது ரெஃபரன்ஸின் ஓட்டம், அந்த அளவை மற்றவற்றிலிருந்து கழிக்கலாம். ஒரு ஃபிளாஸ்க் இதற்குப் போகிறதே என்று மிச்சம் பிடிக்காதீர்கள். அது இல்லாத வரைபடத்தை நான் நம்ப மாட்டேன்.

மின்னணுவியல் பக்கம் கவலை குறைவு. கிளாஸ் எலெக்ட்ரோடின் மின்தடை நூறு மெகாஓம் கணக்கில் இருக்கும், அதற்குத் தனி ஆம்ப் வேண்டும். பாலிஅனிலின் பட்டைக்கு எம்சிபி6002 போன்ற சாதாரண ஆப்–ஆம்ப் போதும், உள்ளே இழுப்பது ஒரு பிகோஆம்பியர் அளவு. எல்லா ரெஃபரன்ஸையும் 1.65 வோல்ட் நடுநிலையில் நிறுத்துங்கள், அப்போது எதிர்மறை எண்ணும் அளவுக்குள் வரும். ஃபிளாஸ்க்குகள் கண்ணாடியால் பிரிந்திருப்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே நடுநிலை போதும். எண்களைப் பதியும் ஈஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலருக்குள் இருக்கும் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதி) நேர்கோட்டில் போகாது, இந்த வேலைக்கு ஆகாது. ஏடிஎஸ்1115 என்ற தனி ஏடிசி சில்லை வையுங்கள். 2.048 வோல்ட் அளவையில் அதன் ஒரு படி 0.0625 மில்லிவோல்ட், தேவைக்கு மேலேயே நுணுக்கம். நான்காவது முனையை நடுநிலையோடு இணைத்து மற்ற மூன்றை அதற்கு எதிராக அளந்தால் ஒரு சில்லுக்கு மூன்று ஃபிளாஸ்க். ஒரே கம்பியில் நான்கு சில்லு வரை போடலாம், பன்னிரண்டு ஃபிளாஸ்க் ஆயிற்று. நிமிடத்துக்கு முப்பது அளவு எடுத்து நடு எண்ணை (மீடியன்) மட்டும் பதியுங்கள், குமிழி மோதும் துள்ளல்கள் அதிலேயே வடிந்துவிடும்.

ஷேக்கருக்கு வெளியிலிருந்து ஒயர் இழுத்தால் மூன்றாம் நாள் எங்கோ அறுந்திருக்கும். அளவுகளைப் பதியும் லாகரையும் பவர் பேங்க்கையும் ஷேக்கர் தட்டிலேயே கட்டிவிடுவது மேல். ஆனால் குறைந்த மின்னோட்டம் எடுத்தால் பவர் பேங்க் தானே அணைந்துகொள்ளும். ஈஎஸ்பி32-ஐத் தூங்கவிடாமல் ஓட்டுங்கள், காலையில் வெறும் கோப்பைப் பார்த்து நிற்க வேண்டாம். ஃபிளாஸ்க்குக்குள் பட்டையைச் சுவரோடு ஒட்டி, அடிப்பகுதிக்கு அருகே வையுங்கள். 250 மில்லி ஃபிளாஸ்க்கில் 50 மில்லி மீடியம் நிமிடத்துக்கு 180 சுற்றில் ஆடும்போது திரவம் சுவரில் ஏறி நடுவே பள்ளமாகும். நடுவில் தொங்கவிட்ட பட்டை பாதி நேரம் காற்றில் இருக்கும்.

கரண்ட் போன நேரத்தையும் லாகர் பதிய வேண்டும். ஷேக்கர் நின்றால் அடர்ந்த கல்ச்சரில் ஆக்சிஜன் சட்டென்று தீர்ந்துவிடும். குளுக்கோஸ் இருந்தால் ஈ. கோலை நொதித்தலுக்கு மாறி அமிலத்தைக் கொட்டும், பிஎச் கோடு செங்குத்தாகச் சரியும். மின்வெட்டு எப்போது என்று தெரியாவிட்டால் அதை ஏதோ கண்டுபிடிப்பு என்று எழுதிவிடுவீர்கள். வெப்பநிலையும் அப்படித்தான், டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார் ஒன்றை ஒரு தண்ணீர் ஃபிளாஸ்க்கில் போட்டுப் பதியுங்கள். கத்திரி வெயிலில் ஏசி இல்லாத வேலூர் ஆய்வகத்தில் அறையே 37-ஐ நெருங்கும். குளிரூட்டும் வசதி இல்லாத இன்குபேட்டருக்குச் சூடாக்க மட்டுமே தெரியும், அறைக்குக் கீழே இறக்கத் தெரியாது. 30 டிகிரி என்று திருகிவைத்தால் அது 30 ஆகிவிடாது.

அளவுதிருத்தத்தை மீடியத்திலேயே செய்யுங்கள். பாக்டீரியா போடாத மீடியத்தை நான்கு குவளைகளாகப் பிரித்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்ஸைடும் சொட்டி, பாலிஅனிலின் பட்டைக்கு 4.5, 5.5, 6.5, 7.5 என்று கொண்டுவந்து, 37 டிகிரியிலேயே கிளாஸ் எலெக்ட்ரோடால் உறுதிசெய்து, பிறகு பட்டையை வையுங்கள். அமிலம் சொட்டும்போது குளோரைடும் கொஞ்சம் சேரும். எல்பியில் அது பெரிதல்ல, பாலில் லாக்டிக் அமிலம் சொட்டுவது நல்லது. புதுப் பட்டையை அதற்கு முந்தைய இரவு அதே மீடியத்தில் ஊறவைத்திருக்க வேண்டும். பிஎச் ஏற ஏறப் பாலிஅனிலினின் மின்னழுத்தம் இறங்கும். எடுத்துக்காட்டாக 7.5-ல் 40 மில்லிவோல்ட், 4.5-ல் 208 மில்லிவோல்ட் என்றால் அலகுக்கு 56. நடு இரவில் 124 காட்டினால் 84-ஐ 56-ஆல் வகுத்து 1.5, ஆகவே பிஎச் 6.0. கோட்பாட்டு எல்லை 61.5. ஐம்பதுக்கு மேல் வந்தால் நல்ல பட்டை, நாற்பதுக்குக் கீழ் என்றால் வெள்ளி எட்டிப் பார்க்கிறது அல்லது படலம் உரிந்திருக்கிறது. 61.5-ஐத் தாண்டிக் காட்டினால் மகிழ வேண்டாம், குவளைக்குக் குவளை ரெஃபரன்ஸும் நகர்கிறது.

பாலிஅனிலினிடம் ஒரு குணம் உண்டு, முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அது அமிலத்தை மட்டும் உணர்வதில்லை, ஆக்சிஜனேற்ற ஒடுக்க நிலையையும் உணரும். கல்ச்சர் அடர்ந்து ஆக்சிஜன் குறைந்ததும் திரவம் ஒடுக்கும் தன்மைக்குப் போகும், படலத்தின் மின்னழுத்தம் இறங்கும், மீட்டரில் அது காரம் ஏறியது போலத் தெரியும். குளுக்கோஸ் கல்ச்சரில் அமிலம் ஏற வேண்டிய நேரத்தில் கோடு தட்டையாக நின்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மீடியத்தில் நைட்ரஜனைக் குமிழவிட்டுப் பாருங்கள், பிஎச் மாறாமலே எண் இறங்கினால் உறுதி. அதனால் முதல் சில ஓட்டங்களில் மூன்று வேளை 2 மில்லி எடுத்துக் கிளாஸ் எலெக்ட்ரோடில் ஒப்பிட்டே ஆக வேண்டும். டிரைடோடெசில்அமின் படலத்தில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

எண் வேண்டாம், எந்தக் குழாய் புளித்தது எது புளிக்கவில்லை என்று தெரிந்தால் போதும் என்றால் இவ்வளவும் தேவையில்லை. வாட்மேன் 1 வடிதாளில் மெழுகால் வட்டங்கள் அச்சடித்து, 110 டிகிரியில் இரண்டு நிமிடம் வைத்தால் மெழுகு தாளின் அடிவரை இறங்கிச் சுவராகும். ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழு 2007-ல் காட்டிய காகிதச் சோதனைத் துண்டுகளின் வழியில் வந்த உத்தி இது. வட்டத்துக்குள் புரோமோகிரெசால் பர்ப்பிள் விட்டால் 6.8-க்கு மேல் ஊதா, 5.2-க்குக் கீழ் மஞ்சள். 5 மைக்ரோலிட்டர் கல்ச்சரை அதன்மேல் சொட்டிப் படமெடுங்கள். தாளைக் கல்ச்சருக்குள் முக்கக் கூடாது, சாயம் கரைந்து போய்விடும். எல்பியின் சொந்த மஞ்சள் ஏமாற்றும், வெறும் மீடியச் சொட்டு ஒன்றும் அருகிலேயே இருக்கட்டும். சங்குப்பூச் சாற்றைப் பலர் கேட்கிறார்கள். வகுப்பில் காட்ட அழகாக இருக்கும், ஆனால் நமக்கு வேண்டிய 4 முதல் 7 வரை அது நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவிலேயே நிற்கும்.

பயிற்சிக்கு ஆபத்தில்லாத கே–12 வகை ஈ. கோலையோ தயிர் பாக்டீரியாவோ போதும், நோயாளி மாதிரியிலிருந்து பிரித்தெடுத்த கிருமியில் அச்சுப் பட்டையைச் சோதிக்க வேண்டாம். பயன்படுத்திய பட்டையை ஆட்டோகிளேவில் கிருமி நீக்கி, 2016 உயிர்மருத்துவக் கழிவு விதிப்படி மஞ்சள் பையில் போடுங்கள். மறுபடி பயன்படுத்தும் எண்ணம் வேண்டாம். ஓர் இரவில் படலத்தின் மேல் பாக்டீரியா படிந்து தனக்கென ஒரு பிஎச்சை உண்டாக்கிக்கொள்ளும், அதைத் தேய்த்தால் பச்சையும் சேர்ந்து வரும்.

முதல் ஓட்டத்தைத் தயிரில் வையுங்கள். காய்ச்சி 42 டிகிரிக்கு ஆறிய பால் 200 மில்லி, ஒரு ஸ்பூன் உறைமோர், இரண்டு பட்டை, நடுவே கிளாஸ் எலெக்ட்ரோடு, அருகே மோர் விடாத பால் ஒரு குவளையில் மூன்றாவது பட்டை. ஆட்ட வேண்டாம். முதல் ஒரு மணி நேரம் கோடு அசையாது, பிறகு இறங்கத் தொடங்கும், உறையும் நேரத்தில் பட்டையின் பதில் மந்தமாகும், கெட்டியான தயிருக்குள் எதுவும் எளிதில் நகராது என்பதால். ஐந்தாறு மணி நேரம் கழித்துப் பட்டையும் கிளாஸ் எலெக்ட்ரோடும் 0.2 அலகுக்குள் ஒத்துப்போனால் ஷேக்கருக்குப் போகலாம். ஒத்துப்போகாவிட்டால் மோர் விடாத பாலில் உள்ள பட்டையைப் பாருங்கள். அதுவும் நகர்ந்திருந்தால் வெள்ளிப் புள்ளியின் பூச்சைத் திரும்பப் போடுங்கள், இந்த முறை பாட்டிலை நன்றாகக் குலுக்கி.